அறுபத்தொன்றாவது விநாடி

சம்பளத்துக்கு மறுநாள்.
வங்காளதேசத்துப் பையன்கள் ஊருக்குப் பேச
ரீலோட் வாங்க வரிசையில் நிற்கிறார்கள்.
வெளியே செம்பனைக் குலை லாரி
முச்சந்தியில் திரும்ப முடியாமல் உறுமுகிறது.
ஞானப்பிரகாசம் கிராணி கடைக்குள் வந்தார்.
பிளாஸ்டிக் பைக்குள் பில்.
பில்லில் சிவப்புப் பேனாவில் பதினேழு வட்டம்.

"பேசினது ஒரு நிமிசம் ஒரு செகண்டு.
அவனே எழுதியிருக்கான் பாரு.
பக்கத்துக் கட்டத்துல ரெண்டு நிமிசத்துக்குக் காசு.
மிச்சம் அம்பத்தொம்பது செகண்டு
யாரும்மா பேசினது?"

கேள்வி சரிதான்.
ஆனால் நான் விற்பது
கைப்பேசி உறையும் கண்ணாடி ஒட்டும்.

கீழே இன்னொரு வரி:
ராசிபலன் சேவை, நாளுக்கு ஐம்பது காசு.
"நான் வேதக்காரன்மா.
இத எப்பக் கேட்டேன்?"
குறுஞ்செய்திகளைத் திறந்தேன்.
ரிஷப ராசி நேயர்களே, இன்று வீண் செலவு.
முப்பது நாளும் பலித்திருந்தது.

சேவை எண்ணுக்கு அவர் போனிலேயே அடித்தோம்.
மலாய்க்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு இரண்டு, மாண்டரினுக்கு மூன்று.
உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம் என்று
ஒருத்தி இருபத்திரண்டு நிமிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.
அதுவும் அடுத்த பில்லில் வரும்,
இருபத்துமூன்றாக.

அவர் விரல் கட்டம் கட்டமாக இறங்கியது.
அப்போதுதான் அந்த விரலை அடையாளம் கண்டேன்.
பால் ஸ்டோர். தராசு. செக்ரோல் புத்தகம்.
பள்ளி விடுமுறையில்
அம்மாவின் காண்டா வாளிக்குப் பின்னால் நான்.
பதினெட்டேகால் என்றால் பதினெட்டு.
பதினெட்டே முக்கால் என்றாலும் பதினெட்டு.
"மேல உள்ளது தண்ணி."
நிமிராமலே சொல்வார்.
இதே சிவப்புப் பேனா என்று எழுத ஆசைதான்.
அப்போது பென்சில்.
அழிக்க வசதி.

புகார்க் கடிதத்தை மலாயில் எழுதினேன்.
விநாடிகளை நிமிடமாக உருட்டுவதற்கு
அந்த மொழியில் வட்டமாக ஒரு சொல் இருக்கிறது.
அதை மூன்று இடத்தில் போட்டேன்.
முழுசாகத்தான் எழுதினேன்.
ஒரு வரியையும் குறைக்கவில்லை.
குறைக்கலாமா என்று ஒரு நொடி யோசித்தது உண்மை.
அதற்கு யாரும் காசு கேட்கவில்லை.

இராத்திரி அம்மாவிடம் சொன்னேன்.
டிவியிலிருந்து திரும்பவில்லை.
விளம்பரம் வந்ததும் கேட்டாள்:
"எத்தன செகண்டுன்னே?"
"அம்பத்தொம்பது."
"அதுல தண்ணி எவ்வளவாம்?"
பிறகு நாடகம் தொடங்கிவிட்டது.

ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது.
ராசிபலனுக்குப் பிடித்த பதினைந்து வெள்ளி
நல்லெண்ண அடிப்படையில் திரும்புகிறதாம்.
தவறு என்ற சொல் கடிதத்தில் எங்கும் இல்லை.
விநாடிகள் திரும்பாது:
ஒப்பந்தம், நான்காம் பக்கம்,
எறும்பு எறும்பாக ஒரு பத்தி,
அடியில் அவர் கையெழுத்து.

அவர் தன் கையெழுத்தை
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.
"படிக்காமப் போட்டுட்டேன்" என்றார்.
அம்மாவும் மாசாமாசம் போட்டாள்,
பெருவிரலை மையில் அமுக்கி.
அதைச் சொல்ல வாயெடுத்தேன்.
ஒரு பையன் பத்து வெள்ளி ரீலோட் கேட்டான்.

"நகல் ரெண்டு எடுத்துக் குடு. மேலிடத்துக்குப் போறேன்."
எடுத்தேன். நாற்பது காசு.
ஐம்பது காசு நாணயம் ஒன்று கொடுத்தார்.
மீதிப் பத்துக் காசை
அவர் உள்ளங்கையில் வைத்தேன்.
"எண்ணிக்குங்க கிராணி" என்றேன்.

ஒற்றைக் காசு.
குனிந்து எண்ணினார்.