ஹில்கா என்றொரு கல்

போர்க்காலம். துர்க்கு நகரில்
ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி.
குண்டுக்குப் பயந்து நாங்கள் அணைத்த விளக்குகளால்
வானம் உனக்கு நன்றாகத் தெரிந்தது, ரெய்னோ.

இரண்டு இரவு, இரண்டு கண்ணாடித் தகடு.
மற்றப் புள்ளிகள் வைத்த இடத்தில் இருக்க
ஒன்று மட்டும்
மயிரிழை நகர்ந்திருந்தது.
விடியலில் வந்து, பூட்ஸைக்கூடக் கழற்றாமல்
"உன் பெயர்தான் வைக்கப்போகிறேன்" என்றாய்.
சிக்கரிக் காப்பிக்குச் சர்க்கரை இல்லையென்று
நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பெயர் அவ்வளவு சுலபமில்லையாம்.
பாதை உறுதிப்பட வேண்டும்,
தொலைந்து தொலைந்து அகப்பட வேண்டும்.
அதுவரை ஓர் ஆண்டும் இரண்டு எழுத்தும்தான் அதற்கு.

அகப்பட்டது.
எண் வந்தது, பெயரும் வந்தது.
அதற்குள் நீ வேறு ஊரில்,
நான் வேறு குடும்பப் பெயரில்.

தேவாலயப் பதிவேட்டில் என்னை அடித்து எழுதினார்கள்.
தபால்காரர் ஒரே வாரத்தில் பழகிக்கொண்டார்.
கல்லுக்கு மட்டும் மாற்ற விதியில்லை.

என் இரண்டாம் கணவர் மீன்வலை விற்பவர்.
"வெறுங்கண்ணுக்குத் தெரியுமா?"
தெரியாது என்றேன்.
"அப்ப சரி" என்று
மீனில் முள் எடுக்கத் தொடங்கினார்.

ஹில்கா என்றால் எங்கள் மொழியில் தலைமூடி,
குளிருக்குப் போடுவது.
அதுவோ செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே
பன்னிரண்டு கிலோமீட்டர் மொட்டைத் தலையோடு சுற்றுகிறது.
என்னை ஒன்றும் செய்ததில்லை, பாவம்.

ஜனவரியில் விறகெடுக்க வெளியே போனால்
சில சமயம் அண்ணாந்து பார்ப்பேன்.
எந்தப் பக்கம் என்று
நீ சொல்லவேயில்லை.