கல் மேல் ஒரு சதுரம்

நெவிலுக்கும் எனக்கும்
பேப்பர் மில்ஸ் ரோட்டில் எல்லாம் பாதிப் பாதி:
வண்டி, சிலிண்டர், இரும்புக் கல்,
ரோந்து வருபவருக்குத் தரும் டீக்காசு.
சீஸ் மட்டும் இந்தக் கணக்கில் சேரவில்லை.

அவன் சொல்வான்:
"விடிகாலை அஞ்சு மணிக்குப் புளியந்தோப்புல
உங்க மாமா கடை வாசல்ல நிக்கிறேன்.
கொழுப்பு இவ்ளோ போதும்னு கண்ணால அளந்து
ரெண்டு தடவை அரைச்சு வாங்கிட்டு வர்றேன்.
அது மேல போய்
இந்த ரெயின்கோட்டைப் போத்துறியே, பர்வீன்."

ரெயின்கோட்.
ஒரு கோடை முழுக்க அந்த ஒரு சொல்லிலேயே
ஓட்டினான்.

நான் பதில் சொல்கிற ஆள் இல்லை.
உறையை உரிப்பேன்.
மணிக்கட்டில் ஒட்டிக்கொள்ளும் கண்ணாடித்தாளை
உதறிப் பார்த்து, முடியாமல்,
பல்லால் எடுப்பேன்.
வட்டத்தின் மேல் சதுரத்தை வைப்பேன்.
நான்கு மூலையும் வெளியே நீட்டி நிற்கும்,
அளவெடுக்காமல் தைத்த தலையணை உறை மாதிரி.
பிறகு ஒவ்வொன்றாகத் தலை குனியும்.
எந்த மூலை முதலில் என்று
எனக்குள் ஒரு பந்தயம்.
பெரும்பாலும் தோற்பேன்.

பெசன்ட் நகரிலிருந்து ஒருவர் வந்தார்,
காரை ஜமாலியாவிலேயே விட்டுவிட்டு நடந்து.
"இது பிளாஸ்டிக்தானே?"
உரித்த தாளைத் தூக்கிக் காட்டினேன்.
"பிளாஸ்டிக் இதோ இருக்கு சார்.
இதை யாருக்கும் தர்றதில்லை."
அவர் சிரிக்கவில்லை.
இரண்டு சாப்பிட்டார்.

அக்னி நட்சத்திரத்தின் மூன்றாம் நாள்
கொடைக்கானலிலிருந்து வரவழைத்தான் நெவில்
மெழுகு பூசிய ஒரு சக்கரம். நிஜச் சீஸ்.
விலையைக் கேட்டேன்.
இருபத்தொன்பதாம் நம்பர் பஸ் கடக்கும்வரை காத்திருந்து
அந்தச் சத்தத்துக்குள் சொன்னான்.
துருவினான். முகர்ந்தான். என்னையும் முகரச் சொன்னான்.
பொய் சொல்ல மாட்டேன், நல்ல வாசனை:
ஈரச் சாக்கு, உருக்கிய வெண்ணெய்,
எங்கோ தூரத்தில் மழை.

கல்லில் விழுந்ததும் பிரிந்தது.
எண்ணெய் ஒரு பக்கம் ஓட,
மிச்சம் ரப்பராகச் சுருண்டு
இறைச்சியை விட்டு நகர்ந்துகொண்டது.
நாற்பத்தொரு டிகிரி வெயில், கீழே நெருப்பு.
யார்தான் சேர்ந்திருப்பார்கள்?

கேரேஜ் ஒர்க்ஸ் அப்ரென்டிஸ் பையன்கள்
வரிசையில் நின்றபடியே எட்டிப் பார்த்தார்கள்.
"அக்கா, அந்த ஆரஞ்சு இல்லியா?"

தீயைத் தணித்தான். மறுபடி போட்டான்.
மூடி கவிழ்த்து, இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்து,
ஆவி காட்டினான்.
மூன்றாவது முறை வந்தது.
அந்த மூன்றாவது பர்கர்
நாங்கள் இதுவரை செய்ததிலேயே சிறந்தது.
அதற்குள் ஏழு பையன்களும்
எதிரே பிரியாணிக்குப் போயிருந்தார்கள்.
நானும் அவனும் பிட்டுத் தின்றோம், பாதிப் பாதி.

மறுநாள் பலகையில் அவன் கையெழுத்து:
சீஸ் வேண்டாதோர் முன்கூட்டியே சொல்லவும்.
ஒரு நாளைக்கு மூன்று பேர் சொல்கிறார்கள், சில நாள் நான்கு.
அவர்களுக்கு மட்டும்
கருகாத பன்னாகத் தேடி எடுக்கிறான்.
நான் பார்த்தும் பார்க்காத மாதிரி
வெங்காயம் நறுக்குகிறேன்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.
ஆரஞ்சுச் சதுரம் எதையும் பேச வராது.
இறைச்சியின் பள்ளங்களில் இறங்கும்,
சாறு பன்னை நனைக்காமல் தடுத்து நிற்கும்,
இறைச்சி பேசும்போது உம் கொட்டும்.
"நல்ல இறைச்சிக்கு உம் கொட்ட ஆள் எதுக்கு?"
என்பான் நெவில்.
அதுவும் சரிதான் என்று தோன்றும்,
அடுத்த ஆர்டர் வரும்வரை.

நேற்று இரவு கடை கட்டும்போது
ஐஸ் பெட்டியின் அடியில் ஒரே ஒரு சீஸ்,
உருகிய தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது.
தூக்கிப் போட மனமில்லை.
உரித்து அப்படியே வாயில் வைத்தேன்.
உப்பு. வழவழப்பு.
பால் என்று ஒன்றைப் பற்றி
யாரோ சொல்லக் கேட்ட மாதிரி ஒரு ருசி.
தனியாகத் தின்றால்
அதில் ஒன்றுமே இல்லை.

நெவில் முதுகைக் காட்டிக்கொண்டு
கல்லைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.
நான் சொல்லவில்லை.