சாம்பல் தடம்

உலான்பாதர் நகரின் வடக்குச் சரிவு.
பலகை வேலிகள், வேலிக்குள் கெர் கூடாரங்கள்,
வேலிக்கு வெளியே
யாருக்கும் சொந்தமில்லாத பனிக்கட்டி.
நகராட்சி தந்த வரைபடத்தில்
இவ்வளவும் வெறும் வெள்ளை.
நடுவே ஒரு சிவப்புக் கோடு, நேராக, மேலே.
பன்னிரண்டு மீட்டர் சாலையாம்.
வரைந்தவர் இந்த மலை ஏறியதில்லை என்பது
கோட்டைப் பார்த்தாலே தெரிந்தது.

பணி ஆணையில் என் பெயர்
குடியிருப்புத் திட்டமிடல் ஒருங்கிணைப்பாளர்.
இங்கே, காகிதக்காரி.
முதல் மாதம் நாய்கள் மட்டும் பேசின.
இரண்டாம் மாதம் ஒரு கிண்ணம் உப்புப் பால்தேநீர்.
மூன்றாவதில் கூட்டம்:
பள்ளிக்கூட அறை, நாற்பது நாற்காலி, ஏழு பேர்.
அதிலும் இருவர் குளிர்காய வந்தவர்கள்.
"உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டேன்.
தண்ணீர்க் குடில் நடத்தும் தொல்கோர்சுரென் எழுந்து
"நீங்கள் எப்போது போவீர்கள்?" என்றாள்.

ஜனவரி. மைனஸ் முப்பத்தொன்று.
குடிலுக்கு இறங்கும் சரிவில்
நானும் விழுந்தேன், கோப்பும் விழுந்தது.
கிடந்தபடியே பார்த்தேன்
பனிக்கட்டி மேல் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு.
அடுப்புச் சாம்பல்.
கால் வழுக்காமலிருக்க
விடியுமுன் வாளியோடு வந்து தூவியது.
ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடங்கி
வளைந்து வளைந்து இறங்கியிருந்தது.

எழுந்து அதன் பின்னால் போனேன்.
சிவப்புக் கோட்டின் பக்கமே அது தலைவைக்கவில்லை.
பத்போல்தின் வேலியை விட்டு விலகியது:
கட்டாத நாய்.
ஊற்று கசிந்து உறையும் மூலையைச் சுற்றியது.
தொல்கோர்சுரென் வாசலில் இரண்டு பங்கு தடிமன்:
எதிர்வீட்டுக்காரர் ஊன்றுகோலில் நடப்பவர்,
அவர் பங்கையும் அவளே போட்டிருந்தாள்.
பூட்டிய வீடு ஒன்றின் முன்
அறுந்து நின்றது.
ஆறடி வெறும் கண்ணாடி.
நான் விழுந்தது அங்கேதான்.

அடுத்த கூட்டத்தில் எதுவும் கேட்கவில்லை.
சுவரில் காகிதம் ஒட்டி
ஒரு தட்டில் சாம்பல் வைத்தேன்.
விரலால் தொட்டுத் தொட்டு இழுத்தார்கள்.
"இன்னும் இடது, இன்னும்,
அங்கே என் கழிப்பறை இருக்கிறதய்யா!"
மூன்று மணி நேரம் சண்டை.
அன்று யாரும் குளிர்காய வரவில்லை.

ஓர் ஆம்புலன்ஸ் ஏற நாலரை மீட்டர் போதும்.
அதற்குப் பதினாறு வேலிகள்
ஒரு முழம் உள்ளே போகவேண்டும்.
பதினைந்து போயின.
"வசந்தத்தில் பார்க்கலாம்" என்றார் பத்போல்த்.
எந்த வசந்தம் என்று சொல்லவில்லை.
சாலை அங்கே மட்டும்
வயிற்றை எக்கிக்கொண்டு போகிறது.

வடிவமைத்தவர் என்ற கட்டத்தில்
ஒரு பெயருக்குத்தான் இடம்.
காலியாக விட்டு அனுப்பினேன்.
குறைபாடு என்று திரும்பி வந்தது.

அன்று மாலை தொல்கோர்சுரென்
கைப்பிடி ஆடும் வாளி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள்.
"போகும்வரைக்கும்
அந்த ஆறடி உன்னுடையது."