இரண்டாம் நாள் கண்

ஹார்மென், நீ கேட்டது ஒரு காட் மீன்.
ஒரு மணி நேரத்துக்கு, கடனாக.
ஹார்லெம் மீன்சந்தையில் மாக்டெல்ட் எதையும்
கடனுக்குக் கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை.
அன்று மழை. வியாபாரம் படுத்துவிட்டது. கொடுத்தேன்.

நீ மூன்று நாள் வைத்திருந்தாய்.

மூன்று நாளும் என்னைப் பீப்பாய்மேல் உட்காரவைத்து
"கையைத் தூக்கு, செவுளில் விரலை நுழை,
யாரோ விலை கேட்பதாக நினைத்துக்கொள்" என்றாய்.
நினைக்க வேறு வேண்டுமா?
முப்பது வருஷமாக யாரோ
விலை கேட்டுக்கொண்டேதான் இருக்கிறாள்.
உன் பூனை மீனைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.
அதற்கும் ஒரு மூலை கொடுத்திருக்கிறாய், பார்த்தேன்.

இன்று காலை துணி வெளுக்கும் ஃபெர்லானின் வீட்டுப்
பின்வாசலில் கூடையை இறக்கினேன்.
உள்கதவு திறந்திருந்தது.
கருங்காலிச் சட்டத்துக்குள் நான்.
கன்னத்துச் சிவப்பு, நகத்தடி அழுக்கு,
ஏப்ரனில் நனைந்த இடம் — ஒன்றையும் விடவில்லை நீ.
காலணி கழற்றினாலும் என்னை விடாத அறை அது;
அங்கே கட்டைச் செருப்போடு உட்கார்ந்திருக்கிறேன்.

வாசலில் யோசினா அம்மாள் தட்டைமீனைப் புரட்டிப் புரட்டி
"ஆறு ஸ்டைவரா? அநியாயம். மூன்று" என்கிறாள்.
படத்துக்கு நாற்பது கில்டர் கொடுத்த வீடு.
ஐந்து என்று சொல்ல வாயெடுத்தபோதுதான்
அந்த மீனின் கண்ணைப் பார்த்தேன்.

வெள்ளை படர்ந்திருக்கிறது, ஹார்மென்.
குழி விழுந்திருக்கிறது.
உடம்பை அன்றே முடித்துவிட்டாய்,
கண்ணுக்கு வர மறுநாள் ஆகிவிட்டது.
கெட்ட மீன் விற்றால் அபராதம் போடுகிற ஊர் இது.
சந்தை அதிகாரி முகர்ந்து பார்க்காமல் கடந்துபோகும்
ஒரே கூடை என்னுடையது.
என்னை என்ன செய்து வைத்திருக்கிறாய், பார்:
பல்லைக் காட்டிக்கொண்டு ஊசிப்போன மீனை
வருகிறவர் போகிறவருக்கெல்லாம் நீட்டுகிறேன்,
நாளைக்கும், நான் செத்த பிறகும்.

நாற்பதில் எனக்குப் பங்கு வேண்டாம்.
மீனுக்கு எட்டு ஸ்டைவர் பாக்கி. அது வேண்டும்.
பிறகு உன் மெல்லிய தூரிகையோடு அந்த வீட்டுக்குப் போ.
கருவிழியின் ஓரத்தில் ஒரு சொட்டு வெளிச்சம் வை,
படகிலிருந்து இறங்கும்போது இருக்குமே, அந்த வெளிச்சம்.
அது எப்படி இருக்கும் என்று தெரியாவிட்டால்
நாளை விடியுமுன் படகுத்துறைக்கு வா,
காட்டுகிறேன்.

காசோடு வா.