அந்த ஏழு மீட்டர்

நகரியில் இரவு சும்மா இருக்காது.
தெருவுக்கு முப்பது விசைத்தறி.
சத்தத்தைத் தலைக்கு வைத்துத்தான் ஊர் படுக்கும்.
கரண்ட் போனால் போதும்,
கைக்குழந்தை முதற்கொண்டு விழித்துக்கொள்ளும்.

செவ்வாயும் வெள்ளியும்
திருத்தணியிலிருந்து ஆறே முக்கால் பஸ்ஸில் வருகிறேன்.
பாஸ்கர ரெட்டி அறுப்பார்.
நான் ஆளை அனுப்பிவைத்துத் திரும்பக் கூட்டிவருவேன்.
ரசீதில் என் பெயர் இராது,
மயக்கம்: நாலாயிரம் என்றிருக்கும்.

இன்று தேசம்மா. நாற்பத்தாறு வயது.
பித்தப்பையில் கல்.
காதோரம் இன்னும் பஞ்சுத் துகள்.
தூங்கி எத்தனை நாளாச்சு என்றேன்.
"பாவு ஏத்தினதிலேர்ந்து."
அதற்குக் கேஸ் ஷீட்டில் கட்டம் இல்லை.

நரம்பு கிடைக்கவில்லை. மூன்று குத்து.
நாலாவது வேண்டாமென்று முகமூடியை எடுத்தேன்.
மஞ்சள் பட்டை போட்ட கலத்தில் செவோஃப்ளூரேன்.
லேசாக இனிக்குமாம்;
பழுத்துக் கனிந்த பனம்பழம் என்பான் ஓபுலேசு.
எனக்கு வாசனை தெரிவதில்லை.
பதினாறு வருஷத்தில் மூக்கு ராஜினாமா செய்துவிட்டது.

ஆறேழு மூச்சு போனபின்
எண்ணும்மா என்றேன்.
ஒகடி, என்றாள்.
ரெண்டு, என்றாள்.
ரெண்டு மட்டும் இரண்டு பாஷைக்கும் பொது.
அங்கே செக்போஸ்ட் கிடையாது,
லாரியை நிறுத்தி யாரும் சீட்டுக் கேட்பதில்லை.
அடுத்தது மூணு என்பாளா, மூடு என்பாளா
காதைக் கொடுத்து நின்றேன்.
சொல்லாமலே மூடிவிட்டாள்.

தூக்கம் என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்குகிறோம்.
தூக்கம் இல்லை.
தூக்கத்தில் ஆள் புரள்வாள், கொசு அடிப்பாள்,
மகள் கூப்பிட்டால் எழுந்துகொள்வாள்.
இது ஓடுகிற தறியிலிருந்து
நாடாவைக் கழற்றி நான் வைத்துக்கொள்வது.
வலி வாசல்வரை வரும்,
வாங்கிக்கொள்ள உள்ளே ஆள் இருக்காது.
எப்படி என்று
புத்தகம் எழுதினவர்களுக்கும் முழுசாய்த் தெரியாது.
எவ்வளவு என்று தெரியும்.
அந்த எவ்வளவில்தான் என் சோறு.

இருபதாவது நிமிஷம் அழுத்தம் எழுபதுக்குச் சரிந்தது.
ஆழம் அதிகம்.
டயலை இறக்கினேன், சலைனைத் திறந்துவிட்டேன்,
வயிற்றுக் காற்றைக் குறைக்கச் சொன்னேன்.
ரெட்டி நிமிரவில்லை. ஆ, என்றார்.
ரெண்டு நிமிஷம்.
அதற்குள் என் முதுகு நனைந்து
காய்ந்தும் விட்டது.

கடைசித் தையலில் டயலை மூடினேன்.
வாயு வந்த வழியே போகும்,
மூச்சு மூச்சாக,
ஈரலோடு அதிகம் வம்பு வைத்துக்கொள்ளாமல்.
கரண்ட் போன வீட்டில் விழிப்பதுபோல்
கண்ணைத் திறந்தாள்.

"எப்போ ஆரம்பிப்பீங்க?"
முடிஞ்சுதும்மா.
"எவ்ளோ நேரம்?"
ஒண்ணரை மணி.
தொண்டை கரகரக்க யோசித்தாள்.
"ஒரு தறிக்கு ஏழு மீட்டர். அது எங்க போச்சு?"

மீட்டருக்குக் கூலி வாங்குகிறவள்
கணக்குக் கேட்பது நியாயம்.
சார்ட்டைக் காட்டினேன்:
ஐந்து நிமிஷத்துக்கு ஒரு வரி,
மேலே ஒரு கொக்கி, கீழே ஒரு கொக்கி.
பாதி திறந்த கண்ணால் மேய்ந்தாள்.
ஊசி ஏறாத அந்தக் கை
இருபதாவது நிமிஷத்தில் வந்து நின்றது.
"இங்க இழை அறுந்திருக்கு."
ஆமாம் என்றேன்.
"முடிச்சு தெரியுது" என்றாள்,
கூலியில் பிடிக்கப்போகிற முதலாளி மாதிரி.

ஓபுலேசு ட்ரேயை நீட்டுமுன்
என் செருப்பில் வாந்தி எடுத்தாள்.
இதுவும் வாயுவின் வேலைதான்.

கழுவின செருப்போடு பஸ் ஏறினேன்.
சன்னல் கம்பியில் தலை சாய்த்தது ஞாபகம்.
கண்டக்டர் தோளைத் தட்டினார், திருத்தணி, திருத்தணி.
நடுவில் நாற்பது நிமிஷம்.
ஒரு கொக்கியாவது போட்டிருப்பார்களா யாராவது?