எறியாத பந்துக்கு ஒரு குறி

கௌனஸ் நகரத்தில் பனிக்காலம்
கூடைப்பந்தோடு தொடங்கி, கூடைப்பந்தோடு முடிகிறது.
டிராலிபஸ்ஸின் ஆவி படிந்த கண்ணாடியில்
யாரோ விரலால் இரண்டு எண்களை எழுதிவிட்டு இறங்கியிருக்கிறார்கள்.
ஏழு. பதினொன்று.
நடுவில் ஒரு கேள்விக்குறி.

ஏழு, எய்மன்தஸ்.
பதினொன்று, ஜில்வினஸ்.
நான், மேசைக்குப் பின்னால் இருப்பவள்.
ஆட்டத்துக்கு ஒரு தாள், அதில் அரைத் திடலின் படம், ஒரு பென்சில்.
விழுந்தால் வட்டம்,
தவறினால் பெருக்கல் குறி.
பதினான்கு ஆண்டுகளாக
வேறெதையும் நான் வரைந்ததில்லை.

எய்மன்தஸின் தாளைப் பாருங்கள்.
வளையத்தடியில் கொத்துக் கொத்தாக வட்டங்கள்,
இரண்டு மூலைகளிலும் கொஞ்சம்.
இடையில் வெறும் வெள்ளை,
காலடி படாத பனிவயல்.
பழுத்ததைத் தவிர எதையும் அவன் கை தொடாது.
நூற்றுக்கு ஐம்பத்தாறு.

ஜில்வினஸின் தாள்
கோழி கிளறிய மண்.
கோட்டுக்கு ஒரு முழம் வெளியே,
பின்னால் சாய்ந்து, ஒற்றைக் காலில்,
நான்கு கைகளுக்கு மேலாக,
சில சமயம் வளையத்தைப் பார்க்காமலே.
நூற்றுக்கு முப்பத்தொன்பது.

பீர்க்கடையில் இந்த வழக்கு தினமும் நடக்கிறது.
பூண்டு தேய்த்த கறுப்பு ரொட்டியைக் கடித்தபடி
வைதோதஸ் மேசையைத் தட்டுகிறார்:
"கை ஐயா, கை! கடவுள் கொடுத்த கை பதினொன்றுக்கு."
"அந்தக் கைக்கு மேலே
ஒரு தலையும் கொடுத்திருக்கலாம்" என்கிறாள்
எச்சில் தட்டுகளை எடுக்க வரும் ரசா.

ஒரு செவ்வாய்க்கிழமை, விளக்குகள் பாதி எரியும் கூடத்தில்
இருவரும் ஒரே இடத்திலிருந்து நூறு நூறாக எறிந்தார்கள்.
தடுக்க ஆளில்லை. கத்த ஆளில்லை.
எண்பத்தொன்று. எண்பத்து மூன்று.
ஒரு தும்மலில் போகும் வித்தியாசம்.

அப்படியானால் அந்தப் பதினேழு
எங்கே போயிற்று?

வீட்டில் ஒளிப்பதிவுகளை ஓடவிட்டு
தாளின் ஓரத்தில் புதிதாக ஒரு கட்டம் போட்டேன்.
பந்து கைக்கு வந்தபோது
கடிகாரத்தில் மிச்சம் எத்தனை நொடி,
எதிராளியின் உள்ளங்கை எத்தனை சாண் தள்ளி.

எய்மன்தஸ்: பதினொன்று, ஒன்பது, பதினான்கு.
ஜில்வினஸ்: நான்கு, மூன்று, ஒன்று, மூன்று, ஒன்று.

பந்து கைமாற்றுக் கடன்போலச் சுற்றி வருகிறது.
ஆளுக்கு ஆள் தள்ளிவிடுகிறார்கள்.
கடைசி நொடியில் கடன்காரன் வந்து தட்டும்போது
கதவைத் திறப்பவன்
எப்போதும் இவன்தான்.

இவனைப் புனிதனாக்க வரவில்லை நான்.
பதினெட்டு நொடி மிச்சமிருக்க,
ஆளில்லாத தோழன் இரு கைகளையும் உயர்த்தி நிற்க,
தானே எறிந்து தவறவிட்டவை முப்பத்திரண்டு.
அவற்றையும் எண்ணினேன்.
அது பசி.
பசிக்கும் கடனுக்கும்
என் தாளில் ஒரே பெருக்கல் குறி.

"ஒருவனைத்தான் வைத்துக்கொள்ள முடியும்" என்றார்
நிர்வாகி கர்பவுஸ்காஸ்.
"ஒரே எண்ணாகச் சொல்லுங்கள்."
ஓரத்துக் கட்டத்தைக் காட்டினேன்.
"பக்கத்தில் இதற்கு இடமில்லையே" என்றார்,
மரியாதையாகத்தான்.

வெள்ளிக்கிழமை இரவு, ஒரு புள்ளி பின்தங்கல், ஐந்து நொடி.
மூலையில் எய்மன்தஸ், அவனுடைய மூலை.
தடுப்பவன் இரண்டு எட்டு தள்ளி.
அவன் நிமிர்ந்தான்.
வளையத்தைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தான்.
பந்து பதினொன்றுக்குப் போனது.
அழகான பாஸ், எல்லோரும் சொன்னார்கள்.

இரண்டு பேருக்கு மேலாக அது எழுந்து
விளிம்பில் ஒரு சுற்றுச் சுற்றி
வெளியே விழுந்தது.
அரங்கம் மொத்தமும் ஒரே நெஞ்சாக மூச்சு விட்டது.

ஜில்வினஸின் தாளில் பெருக்கல் குறி போட்டேன்.
பிறகும் பென்சில் கீழே இறங்காமல் நின்றது.
எய்மன்தஸின் வெள்ளை மூலையில்
எறியாத பந்துக்கென்று
ஒரு புள்ளி வைத்தேன், மிக லேசாக.

திங்கட்கிழமை கர்பவுஸ்காஸ்
தாளை வெளிச்சத்தில் பிடித்தார்.
"இது என்ன, அழுக்கா?"
கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார்.
போகவில்லை.
கொஞ்சம் பரவியது.