ஒன்றிலிருந்து ஐந்துக்குள்

ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண் சொல்லச் சொல்கிறாய், தம்பி.
பயிற்சிக்கு முன் வறட்சியென்றால் எவ்வளவு பயம்,
பின் எவ்வளவு.
இரு, கழுதைக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வருகிறேன்.

மூன்று நாள் நடந்தது, கிதுயிக்குக் கிழக்கே
தகரக் கூரை போட்ட சர்ச்சில்.
முதல் நாள் சோடாவுக்காகத்தான் போனேன்.
க்யெங்கோ, ஷூவில் செம்மண் படாத மனுஷன்,
ஆளுக்குப் பத்து அவரை விதை கொடுத்தான்.
பத்து வருஷத்தில் மழை பொய்த்தது எத்தனை,
அத்தனை விதையை இடப்பக்கம் வையுங்கள் என்றான்.

ஆண்கள் மூன்று வைத்தார்கள்.
நாங்கள் ஆறு.

ஒரே கூச்சல். என் புருஷன் முன்யாவோ எழுந்தே விட்டான்.
கட்டுங்கேதான் சொன்னாள்:
"நீங்கள் சோளம் விற்ற வருஷங்களை எண்ணுகிறீர்கள்.
நாங்கள் தண்ணீருக்கு ஆற்று மணலைத் தோண்டிய வருஷங்களை."
க்யெங்கோ ஒன்றும் பேசவில்லை.
நோட்டில் எதையோ அடித்துவிட்டு வேறு எழுதினான்.
அவன் செய்த நல்ல காரியம் அதுதான்.

மற்றதெல்லாம் படம்.
குழி வெட்டு, தழை போடு, மக்காச்சோளத்தைக் குறை,
பாதி நிலத்துக்கு வெள்ளைச்சோளம், கால் நிலத்துக்குப் பாசிப்பயறு.
பிறகு 'வாய்ப்பு' என்றொரு சொல்.
அதுவரை வானத்தை நம்புவேன், இல்லை சபிப்பேன்.
நடுவில் நிற்க இடமிருப்பது தெரியாது.

அந்த வருஷம் மழை கொட்டித் தீர்த்தது.
எழுதிக்கொள், இதை யாரும் எழுதுவதில்லை.
பயிற்சிக்கு வராத கிதோமே
இருபது மூட்டை மக்காச்சோளம் அடித்தான்.
என் வெள்ளைச்சோளத்தைக் குருவிக் கூட்டம்
ஒரே காலையில் முடித்துவிட்டது.
முன்யாவோ திட்டவில்லை.
தட்டில் இருந்ததை மெதுவாக மென்றான்.
திட்டியிருக்கலாம்.

அன்றிரவு விதைகளை எடுத்துத் தரையில் பரப்பினேன்.
ஆறு இந்தப் பக்கம், நாலு அந்தப் பக்கம்.
வந்துபோனது அந்த நாலில் ஒன்று.
ஆறு அப்படியே ஆறாகத்தான் கிடந்தது.
தோற்றுத்தான் போனேன், ஆனால் தப்பாக எண்ணவில்லை.
இரண்டும் வேறு வேறு என்று
க்யெங்கோகூடச் சொல்லித் தரவில்லை.

மறுவருஷக் கதை உனக்குத் தெரியும்,
அதற்காகத்தானே அனுப்பியிருக்கிறார்கள்.
கிதோமே இரண்டு மாட்டையும் விற்றான். நான் விற்கவில்லை.
அவன் பிள்ளைகள் நாலு பேரும்
என் பானையில்தான் சாப்பிட்டார்கள்.
படத்தில் என் வயல் இருந்தது, என் வயிறு இருந்தது.
பக்கத்து வீட்டு வயிறு இல்லை.

பயமா?
குறையவில்லை, தம்பி.
முன்பு வீட்டைவிடப் பெரிதாக வாசலை மறித்து நின்றது.
இப்போது பால் டப்பாவுக்குள் ஆறு விதையாகக் கிடக்கிறது.
ஆட்டினால் சத்தம் கேட்கும்.
அதற்கு உன் பெட்டியில் கட்டம் உண்டா?

இல்லையென்றால் மூன்று என்று போட்டுக்கொள்.
முன்யாவோவையும் கேள்.
ஆற்றில் இருக்கிறான், மணல் தோண்டுகிறான்.
போன மாதம் விதையைக் கையில் கொடுத்தேன்.
வெகுநேரம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.
ஐந்து வைத்தான்.